கொலராடோ ஆறும் அதன் பெருங்குடைவும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் உள்ளது அரிசோனா மாநிலம். அதன் வட பாகம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலமாகும். வில்லியம்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் புகைவண்டி, 60 மைலுக்கு மேல் இம்மேட்டுநிலத்தின் மீது ஊர்ந்து செல்கின்றது. இருமருங்கும் முதலிற் புல்வெளி. பின்னர் பைன் மரக்காடு. வரவிருக்கும் காட்சிக்கு எவ்வித முன்னறிவிப்பும் இல்லை. வண்டியை விட்டிறங்கி, மரங்களைக் கடந்து சிறிது தூரம் நடந்தவர் திடுக்கிட்டு நின்றுவிடுகின்றார். அவர் காலடியில் நிலம் முடிந்துவிடுகின்றது. எதிரே வெறும் வெளி. அவ்வெளிக்கு அப்பால், ஏறக்குறைய 10 மைல் தொலைவில், செந்நிறமும் பழுப்பும் வெண்மையும் விரவிய மறுகரை. இடையில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், நூலிழை போல் ஓர் ஆறு. இதுவே கிராண்ட் கன்யன் என உலகம் அறிந்த ஆற்றுக்குடைவு.

இதன் அளவைக் கண் உடனே நம்புவதில்லை. 1540ஆம் ஆண்டில், ஹோப்பி என்னும் பழங்குடி மக்கள் வழிகாட்ட, கார்தெனாஸ் என்ற ஸ்பானியத் தலைவரும் அவருடைய வீரர் சிலரும் இதன் தென் விளிம்பை அடைந்தனர். ஆறு ஆறடி அகலமே இருக்கும் என அவர்கள் மதித்தனர். அது மிகப் பெரிய ஆறு என வழிகாட்டிகள் கூறியதை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. மெலிந்த உடலும் சுறுசுறுப்பும் மிக்க மூவர் கீழே இறங்க முயன்றனர். மூன்றில் ஒரு பங்கு தூரமே செல்ல முடிந்தது. மாலையில் மேலேறி வந்து அவர்கள் சொன்ன செய்தி யாது? மேலிருந்து பார்க்கையில் ஆளுயரம் எனத் தோன்றிய பாறைகள் செவில்லா நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என்பதே. மதிப்பிடுவதில் நேர்ந்த இந்தப் பிழை இக்குடைவின் வரலாற்றிற் பின்னரும் பலமுறை நிகழ்ந்தது.

ஆற்றின் வழியே அளந்தால் இக்குடைவின் நீளம் 277 மைல். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை இலங்கையின் முழு நீளத்தையும் அளந்தால் ஏறக்குறைய 270 மைலே வரும் என்பதை நேயர்கள் நினைவுகூர்ந்தால் இதன் பருமை ஒருவாறு விளங்கும். சில இடங்களில் இதன் அகலம் 18 மைல். ஆழம் பொதுவாக ஒரு மைல்.

இத்துணைப் பெரிய பள்ளத்தை அகழ்ந்தது எது? பூகம்பமும் அன்று; எரிமலையும் அன்று. ஓடும் நீரே அகழ்ந்தது. மேட்டுநிலம் புவியின் உள்ளசைவுகளால் மெல்ல உயர்ந்தது; மலைகளிலிருந்து விரைந்து வந்த கொலராடோ ஆறு அதனைக் குறுக்கே அறுத்தது. இவ்வேலையின் பெரும்பகுதி கடந்த 50 அல்லது 60 இலட்சம் ஆண்டுகளில் நடைபெற்றது என்பது புவியியலார் பலரின் துணிபு. நீர் மட்டும் தனித்துக் கல்லை அறுத்துவிடாது. அது சுமந்து செல்லும் மணலும் பரலுமே வாளின் பற்கள் போல் நின்று பாறையை அராவுகின்றன. ஆறு கீழ்நோக்கி அறுக்க, மழையும் உறைபனியும் கிளையாறுகளும் பக்கங்களை இடித்து அகட்டின. அவ்வாறு இடிந்த மண்ணையும் ஆறே சுமந்து சென்றது. அதன் நீர் என்றும் செம்மண் கலங்கலாக ஓடியமையாலேயே ஸ்பானியர் அதனைக் 'கொலராடோ', அதாவது செந்நிறமுடையது, என்று அழைத்தனர். ஆற்றின் பெயரிலேயே அதன் மண்ணும் அடங்கியுள்ளது என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். இப்பேச்சின் பிற்பகுதிக்கு அது இன்றியமையாதது.

அறுபட்ட சுவர்கள் புவியின் வரலாற்றை ஏடு ஏடாகக் காட்டுகின்றன. விளிம்பில் உள்ள வெளிறிய சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டு பழைமையானது. அதிற் கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் காணப்படுகின்றன. இன்று 7,000 அடி உயரத்தில் வறண்டு நிற்கும் இந்நிலம் ஒருகாலத்திற் கடலடியாய் இருந்தது என்பதற்கு அவையே சான்று. இறங்க இறங்கக் காலம் பின்னோக்கிச் செல்கின்றது. அடியில், ஆற்றை நெருக்கி நிற்கும் கரும்பாறைகள் 170 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இடையிடையே சில ஏடுகள் கிழிந்தும் போயின. ஓரிடத்தில் அடுத்தடுத்து அமைந்த இரு படைகளுக்கிடையே 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு அடியோடு இல்லை.

இத்தகைய இடத்தைக் கண்டும் அதன் அருமையை உணராதவர் இருந்தனர். 1858இல் இப்பகுதியை ஆராயச் சென்ற ஐவ்ஸ் என்ற படையதிகாரி, இஃது எவ்வகையிலும் பயனற்ற நிலம் எனத் தம் அறிக்கையில் எழுதினார். வெள்ளையருள் இங்கு முதலில் வந்தவர்கள் தம் குழுவினரே என்றும், இறுதியாக வந்தவர்களும் தாமாகவே இருப்பர் என்றும் கருதினார். இன்று ஓராண்டில் இங்கு வந்து போவோர் தொகை 40 இலட்சத்தைத் தாண்டுகின்றது!

ஐவ்ஸுக்குப் பதினோர் ஆண்டின் பின் வந்தவர் ஜோன் வெஸ்லி பவல். அவர் ஓர் ஆசிரியர். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24ஆம் நாள் ஒன்பது துணைவரோடும் நான்கு படகுகளோடும் அவர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டார். படகொன்று பாறையில் மோதிச் சிதைந்தது. உணவின் பெரும்பகுதி கெட்டது. துணைவருள் ஒருவர் தொடக்கத்திலேயே விலகிச் சென்றார். ஓகஸ்ட் 28ஆம் நாள், கொடிய நீர்ச்சுழல் ஒன்றைக் கண்டு அஞ்சிய மூவர் கரையேறி நடந்தனர். அவர்கள் மேட்டுநிலத்திற் கொல்லப்பட்டனர். ஆற்றை நம்பிப் படகில் இருந்த அறுவரோ இரண்டே நாளிற் குடைவைக் கடந்து வெளியேறினர். பவலின் நூல்களும் சொற்பொழிவுகளும் இக்குடைவின் பெருமையை நாடறியச் செய்தன.

1903இல் அங்கு சென்ற சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற், இதனை உள்ளவாறே விட்டுவிடுமாறும், மனிதர் கை வைத்தால் இது கெடுமேயன்றிச் சிறக்காது என்றும் அம்மக்களுக்கு எடுத்துரைத்தார். 1908 ஜனவரியில் இதனைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் செய்தார். 1919 பெப்ரவரி 26ஆம் நாள் இது தேசியப் பூங்கா ஆயிற்று. 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இவையெல்லாம் போற்றத்தக்க செயல்களே. ஆயினும், வரைபடத்தில் எல்லைக்கோடு ஒன்றை இட்டு அதற்குட்பட்டதைக் காப்போம் எனச் சட்டம் செய்தால் ஓர் இயற்கை அமைப்புக் காக்கப்பட்டதாகுமா? இவ்வினாவுக்கு விடை விளிம்பில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. கீழே இறங்குபவருக்கே கிடைக்கும்.

தென் விளிம்பிலிருந்து இறங்கும் பாதைகளுட் பெரிதும் அறியப்பட்டது 'பிரைட் ஏஞ்சல்' பாதை. செங்குத்தான சுவரில் வளைந்து வளைந்து செல்லும் அதன் வழியே ஆற்றை அடைவதற்கு ஏறக்குறைய 8 மைல் நடக்க வேண்டும். நடக்க இயலாதவர் கோவேறு கழுதை மீது செல்வர். மலையேறுவோர் முதலிற் களைத்துப் பின்னர் எளிதாக இறங்குவர். இங்கோ எளிய இறக்கம் முதலிலும் கடிய ஏற்றம் இறுதியிலும் வருகின்றன. ஆதலின், ஒரே நாளில் ஆறு வரை சென்று மீள முயல வேண்டாம் எனக் காவலர் இடைவிடாது எச்சரிக்கின்றனர். விளிம்பில் இதமான காற்று வீசும் கோடை நாளில், அடியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிவிடும்.

வெப்பம் மாறுவது போலவே உயிர்களும் மாறுகின்றன. மேலே பைன், சற்றுக் கீழே குட்டையான சூனிப்பர் மரங்கள், அடியிற் கள்ளியும் முட்புதரும். 1889இல் இப்பகுதியை ஆராய்ந்த மெரியம் என்னும் அறிஞர், ஒருவர் கனடாவிலிருந்து மெக்சிக்கோ வரை பயணஞ்செய்து காணும் உயிரின வேறுபாடுகளை ஈண்டு மேலிருந்து கீழே இறங்கியே கண்டுவிடலாம் எனக் காட்டினார்.

பாதையில் நாலரை மைல் இறங்கியதும் பசுமையான ஓரிடம் வருகின்றது. ஊற்று நீர் ஓடும். மரங்கள் நிழல் தரும். களைத்து வருவோர் அங்கே நீர் அருந்தி இளைப்பாறுவர். இன்று அதன் பெயர் 'ஹவாசுப்பாய்த் தோட்டம்'. ஹவாசுப்பாய் என்போர் இக்குடைவிலும் இதன் மேட்டிலும் பல நூற்றாண்டுகளாக வாழும் பழங்குடியினர். அந்த ஊற்றுக்கரையிற் சோளமும் பிறவும் பயிரிட்டவர்கள் அவர்களே. பூங்கா அமைந்தபின் அவர்களுக்கு அங்கு இடமில்லை என்றாயிற்று. 1928இல் அத்தோட்டத்தில் எஞ்சியிருந்த கடைசி ஹவாசுப்பாய்க் குடியிருப்பாளரும் வெளியேற்றப்பட்டார்.

அதே 1928ஆம் ஆண்டிலே குடைவின் அடியில் ஆற்றின் குறுக்கே தொங்குபாலம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பெருவடங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தொன் எடை. நீளமோ 550 அடி. வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் அவற்றைக் கழுதைகள் கொண்டு செல்ல இயலவில்லை. 42 மனிதர் வரிசையாக நின்று ஒவ்வொரு வடத்தையும் தோளிற் சுமந்து இறக்கினர். அவர்களுட் பெரும்பாலோர் ஹவாசுப்பாய் மக்கள். இன்று ஆற்றைக் கடப்பவர் பலர் அவர்கள் தோளிற் சுமந்த வடத்தின் மீதே கடக்கின்றனர். 1975இற் செய்யப்பட்ட சட்டம் ஒன்று மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 1,85,000 ஏக்கர் நிலத்தை அம்மக்களுக்கு மீள அளித்தது. தோட்டத்துக்கு அவர்கள் பெயர் சூட்டப்பட்டது 2022இலேயே. நிலத்தைக் காப்போர் அந்நிலத்தின் மக்களை மறந்தது முதலாவது பிழை.

இரண்டாவது பிழையைக் காண ஆற்றைக் கடந்து மறுகரையில் ஏற வேண்டும். வட விளிம்பு தென் விளிம்பினும் ஏறக்குறைய 1,000 அடி உயர்ந்தது. மாரியில் உறைபனி மூடிப் பாதையை அடைத்துவிடும். பறவை பறக்கும் தூரம் 10 மைலாயினும், தரை வழியே சுற்றி வர 200 மைலுக்கு மேலாகும். இப்பிரிவினால் விளைந்த விந்தை ஒன்றுண்டு. இரு கரைகளிலும் பைன் மரத்தை நம்பி வாழும், காதிற் குஞ்சமுடைய அணில்கள் உள. தென்கரை அணிலுக்கு வயிறு வெண்மை, வால் சாம்பல். வடகரை அணிலுக்கோ வயிறு கருமை, வால் தூய வெண்மை. ஒரே குடியிற் பிறந்தவை பிரிந்து வாழ்ந்து இருவேறு கோலம் கொண்டன. 2025 ஜூலையில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ பெருங்காற்றிற் பரவி வட விளிம்பிலிருந்த பழைய விடுதியையும் பல கட்டடங்களையும் சாம்பலாக்கியது.

இவ்வடகரையின் கைபாப் மேட்டுநிலம் 1906இல் மான்களுக்காகக் காக்கப்பட்ட புகலிடமாயிற்று. மானைக் காப்பதென்றால் அதன் பகைவரை அழிப்பதே என்று அக்காலத்தார் எண்ணினர். மலைச்சிங்கங்கள் நூற்றுக்கணக்கிற் சுடப்பட்டன, ஓநாய்களும் ஒழிக்கப்பட்டன. மான்கள் பெருகின. தளிர்களும் இளமரங்களும் தின்று தீர்க்கப்பட்டன. 1920களின் நடுவில் வந்த மாரிக்காலங்களில் ஆயிரக்கணக்கான மான்கள் பட்டினியால் மடிந்தன. கால்நடை மேய்ச்சல் குறைந்தமை முதலாய வேறு காரணங்களையும் அறிஞர் பின்னர் சுட்டினர். எனினும், மானை வாழச்செய்வது புல் மட்டுமன்று, அதனைத் துரத்தும் விலங்குமே என்னும் பாடத்தை உலகம் கற்க இந்நிகழ்ச்சி பெரிதும் உதவியது.

மூன்றாவது பிழையே எல்லாவற்றினும் பெரிது. அது ஆற்றையே பற்றியது. செந்நிறப் பெயர் கொண்ட ஆற்றைக் காண விரும்பிக் கீழிறங்கியவர், பெரும்பாலான நாள்களில் அங்குக் காண்பது தெளிந்த, பச்சை நிறமான, குளிர்ந்த நீரை. மண் எங்கே போயிற்று? குடைவுக்கு மேலே, ஆற்றுவழியில் 15 மைல் தொலைவில், 710 அடி உயரமான கிளென் கன்யன் அணை நிற்கின்றது. 1963இல் அதன் கதவுகள் மூடப்பட்டன. நாற்பது மில்லியன் மக்கள், அதாவது நாலு கோடிப்பேர், இன்று கொலராடோ நீரை நம்பி வாழ்கின்றனர், வறண்ட மாநிலங்களுக்கு நீர்த்தேக்கம் வேண்டியிருந்தது, மின்சாரமும் வேண்டியிருந்தது. அத்தேவைகளைப் பொய்யெனத் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஆறு கொண்டுவந்த மண் தேக்கத்தின் அடியிலே படிந்துவிடுகின்றது. கீழே வருவது மண் இழந்த நீர்.

பூங்காவின் எல்லைக்குள் ஒரு கல்லையும் எவரும் பெயர்க்கவில்லை. ஆனால் எல்லைக்கு வெளியே எழுந்த சுவர் உள்ளே இருந்த அனைத்தையும் மாற்றியது. மாரிப்பனி உருகி இளவேனிலில் வந்த பெருவெள்ளம் நின்றது. கரையோர மணற்றிடல்களைப் புதுப்பிக்க மணல் இல்லாமையால் அவை ஆண்டுதோறும் கரைந்தன. கோடையில் வெதுவெதுப்பாகும் கலங்கல் நீருக்குப் பழகிய மீன்கள் குளிர்ந்த தெளிநீரில் இனம் பெருக்க இயலாது வருந்தின. இக்குடைவில் இயல்பாக வாழ்ந்த எட்டு வகை மீன்களுட் சில இன்று அங்கு இல்லை. முதுகிற் கூன் உடைய சப் என்னும் மீன் ஒன்று, சிற்றாறாகிய லிற்றில் கொலராடோ வந்து கலக்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தது.

அப்போது வேறோர் ஆபத்தும் எழுந்தது. 1960களில், குடைவினுள்ளேயே மேலும் இரண்டு அணைகள் கட்டத் திட்டம் வகுத்தனர். அவ்விரு இடங்களும் அன்றைய பூங்காவின் எல்லைக்குச் சற்று வெளியே இருந்தமையாற் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மக்கள் குறுக்கே நின்றனர். சியரா கழகம் என்னும் இயற்கைக் காப்புச் சங்கம் 1966இற் செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிவித்தல்களை வெளியிட்டு நாட்டு மக்களிடம் முறையிட்டது. அதனால் அச்சங்கம் தனக்கிருந்த வரிச்சலுகையை இழந்தது. ஆனால் மக்களின் கடிதங்கள் தலைநகரில் வந்து குவிந்தன. 1968இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்விரண்டு அணைகளும் இடம்பெறவில்லை. 1975இற் பூங்காவின் எல்லை ஆற்றைத் தழுவி விரிக்கப்பட்டது.

கட்டிய அணையை என் செய்வது? 1992இல், குடைவுக்கு ஏற்படும் தீங்கையும் கருத்திற் கொண்டே அணையை இயக்க வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. 1996 மார்ச் மாதம் 26ஆம் நாள், விஞ்ஞானிகள் கரையோரங்களிற் காத்திருக்க, அணையின் வாய்கள் திறக்கப்பட்டன. ஒரு கிழமை வரை வினாடிக்கு 45,000 கன அடி நீர் பாய்ந்தது. அடியிற் கிடந்த மணல் கிளம்பிக் கரைகளில் ஏறிப் புதிய திடல்களாய்ப் படிந்தது. ஆனால் அவற்றிற் பல சில மாதங்களிலே மீண்டும் கரைந்தன. கிளையாறுகள் புது மணலைக் கொணர்ந்து சேர்த்த பின்னரே வெள்ளம் விடல் வேண்டும் என்பது அதனால் விளங்கியது. 2004, 2008, 2012 எனத் தொடர்ந்து, 2023 வரை பலமுறை அவ்வாறு செய்யப்பட்டது. கூன் முதுகு மீனும் ஓரளவு மீண்டது. 2021இல் அது அழியும் நிலையிலிருந்து ஒருபடி மேலேற்றி மதிப்பிடப்பட்டது.

முயற்சி இத்துடன் முற்றுப்பெறவில்லை. நீண்ட வறட்சியால் நீர்த்தேக்கம் தாழ்ந்ததும், மேற்பரப்பின் வெப்ப நீர் அணையைக் கடந்து வரலாயிற்று. அதனுடன் அந்நியமான கொன்றுண்ணி மீன்களும் வந்தன. 2022இல் அவை அணைக்குக் கீழே இனம் பெருக்குவது கண்டறியப்பட்டது. குளிர்ந்த நீர் தீங்கு செய்தது. வெப்ப நீரும் வேறொரு தீங்கைக் கொணர்ந்தது. கையால் நிறுத்திய ஆற்றைக் கையாலேயே நடத்துவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

தென் விளிம்பில் நின்று அந்திப் பொழுதிற் பாறைகள் நிறம் மாறுவதைக் கண்டு வியந்து திரும்புவோரே மிகப்பலர். அதில் தவறொன்றுமில்லை; அக்காட்சி கண்டு மகிழ்வதற்கு உரியதே. ஆனால் இறங்கிச் சென்று ஆற்றங்கரை மணலில் ஓர் இரவு தங்கியவர், காக்கப்பட வேண்டியது கல் மட்டுமன்று என்பதை அறிந்து மீள்கின்றார். எங்கோ மலையில் உருகும் பனியும், அது கொணரும் மண்ணும், அந்த ஆற்றில் முட்டையிடும் மீனும், மானைத் துரத்தும் மலைச்சிங்கமும், ஊற்றுக்கரையிற் சோளம் விதைத்த மனிதரும் சேர்ந்ததே அக்குடைவு. அவற்றுள் ஒன்றை எல்லைக்கு வெளியே விட்டால் மற்றவை எல்லைக்குள் நெடுநாள் நிற்பதில்லை.

கோடையின் பிற்பகுதியில் அங்கே இடிமழை பெய்யும். அணைக்குக் கீழே வந்து கலக்கும் கிளையாறுகள் அப்போது செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கும். அந்நாள்களில் மட்டும் கொலராடோ தன் பெயருக்கேற்பச் சிவந்து ஓடுகின்றது. அந்த மண் வந்து சேரும் நாளையே அணையின் கதவருகே நிற்போரும் இப்போது எதிர்பார்த்துக் காத்திருக்கின்றனர்.